குருவில்லா வித்தையும் குருதட்சணையும்

"குருவில்லா வித்தை பாழ்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆசான் ஒருவரின் அருகிருந்து, அவர் திருத்தத் திருந்தி, அவர் ஆசியுடன் அவையேறுவதே கல்வி எனக் கருதிய சமூகம் படைத்த மொழி அது. ஆயின் அதே சமூகம் ஏகலைவன் கதையையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆசான் ஏற்க மறுத்த வேட்டுவச் சிறுவன் ஒருவன், அவ்வாசானின் மண்ணுருவை முன்னிறுத்தித் தானே வில்வித்தை பயின்று, ஆசானின் தலைமாணாக்கனே அஞ்சும் அளவுக்கு உயர்ந்தான் என்பது கதை. பழமொழி உண்மையாயின் ஏகலைவனின் வித்தை பாழாகியிருத்தல் வேண்டும். அது பாழாகவில்லை; பாழாக்கப்பட்டது. அவனது கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டுப் பெற்றவர், அவனுக்கு ஒரு நாளேனும் கற்பித்தறியாத துரோணர்.

பழமொழிக்கும் கதைக்கும் இடையே அமைந்த இம்முரண்பாடு மூன்று வினாக்களை எழுப்புகின்றது. தானே கற்றவன் என்று உண்மையில் ஒருவன் உண்டா? உண்டெனில் அவன் யாருக்குக் கடன்பட்டவன்? அக்கடனைத் திருப்பிக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களை எந்தக் கலையை முன்வைத்தும் ஆராயலாம். எனினும் தைலவர்ண ஓவியம் இதற்குச் சிறப்பாகப் பொருந்துகின்றது. கவிஞன் தன் கருவியாகிய மொழியைத் தாயிடமிருந்தே பெற்றுக்கொள்கிறான். பாடகன் கோயிலிலும் திருமண வீட்டிலும் இசையைக் கேட்டு வளர்கிறான். தைலவர்ணமோ ஐரோப்பியரோடு நம் நாடுகளுக்கு வந்தது, பொருள் விலையுயர்ந்தது, முறை சிலரது கைக்குள் இருந்தது. அதனை ஆசானின்றிக் கற்க முனைபவன் தன் தனிமையை முழுமையாக உணர்வான்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரப் பகுதியில், மதுரங்குளியை அண்டியுள்ள கனமூலை போன்ற ஓர் ஊரில், இளைஞன் ஒருவன் தைலவர்ணம் தீட்ட விரும்புகிறான் எனக் கொள்வோம். கொழும்பிலே கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கென ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைக் கல்வி உண்டு. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. இவற்றுள் எதுவும் அவனது ஊருக்கு அருகில் இல்லை. பள்ளியின் சித்திரப் பாடம் பெரும்பாலும் நீர்வண்ணத்தோடு நின்றுவிடுகின்றது. எஞ்சியிருப்பவை கடைகளில் தொங்கும் நாட்காட்டிப் படங்கள், பெயர்ப்பலகை எழுதுவோரின் தூரிகை வேகம், கரையில் ஏற்றி வைத்த படகுகளின் நிறங்கள் ஆகியவையே. இக்காலத்தில் இவற்றோடு கைபேசியும் சேர்ந்துகொண்டது. உலகின் எம்மூலையிலுமுள்ள ஓவியர் ஒருவர் எவ்வாறு தூரிகை பிடிக்கிறார் என்பதை அச்சிறு திரையில் அவன் நூறு தடவை பார்க்கலாம்.

அவ்வாறாயின் ஆசானின் குறை தீர்ந்துவிட்டதா எனின், தீரவில்லை. திரை காட்டும்; காணாது. அவனது கோடு எங்கே தடுமாறிற்று, அவனது நிழல் ஏன் சேறாயிற்று என்பதை அது ஒருபோதும் அறியாது. இவ்விடத்தில் ஆசிரியர் என்ற சொல்லின் பொருள் தெளிவாகின்றது. ஆசிரியர் காட்டுபவர் மட்டுமல்லர். மாணவனின் ஆக்கத்தைக் காண்பவரும் ஆவார். தானே கற்பவனுக்கு நூலும் அச்சுப்படமும் திரையும் காட்டுவதற்கு இருக்கின்றன. இல்லாதது, தன் பிழையைக் காணும் இன்னொரு கண். எனவே அவன் தனக்குத்தானே அக்கண்ணாக வேண்டியவனாகிறான். அழகியற் சிக்கலாகத் தோன்றும் இது உண்மையில் ஓர் அறச் சிக்கல். தன் பிழையைத் தானே கண்டு, கண்டதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதற்குத் தேவைப்படுவது திறமையன்று, நேர்மை.

இவ்விடத்தில் பொருள் அவனுக்குத் துணை செய்கின்றது. தைலவர்ணம் தன் இயல்பினாலேயே ஒரு கண்டிப்பான ஆசான். நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்து ஆக்கப்படுவது அது. நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் உலர்கின்றது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, மெல்ல மெல்ல இறுகிப் படலமாகின்றது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாட்கள் செல்லும். முற்றாக இறுகுவதற்கு மாதங்கள் வேண்டும். தென்னந்தோட்டங்கள் நிறைந்த அக்கரையிலே வாழும் ஒருவன், எண்ணெய் எதுவாயினும் ஒன்றே என எண்ணித் தேங்காயெண்ணெயில் நிறத்தைக் குழைப்பானாயின் அவ்வோவியம் ஆண்டுகள் கழிந்தும் விரலில் ஒட்டும். தேங்காயெண்ணெய் குளிரிற் கட்டியாகுமேயன்றி ஒருபோதும் உலர்ந்து படலமாவதில்லை. காடாத்துணியின் மேல் நேரே தைலவர்ணம் பூசினாற் காலப்போக்கில் எண்ணெய் துணியின் நாரையே தின்றுவிடும். அதனாற்றான் வச்சிரம் பூசி, அதன்மேல் வெள்ளைப் பூச்சிட்டு, பின்னரே வண்ணந் தீட்டுவர்.

இவற்றிலும் நுட்பமான விதியொன்று உண்டு. அடிப்படைகளில் எண்ணெய் குறைவாகவும் மேற்படைகளில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும் என்பது அது. மாறிச் செய்தால், மேற்படை விரைந்து இறுகிவிட, கீழ்ப்படை பின்னரும் அசைந்துகொண்டிருக்க, ஓவியம் வெடிப்புறும். அவ்வெடிப்பு அன்றே தோன்றுவதில்லை. சில ஆண்டுகளின் பின்னரே தோன்றும். ஆசான் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிடக்கூடியதை, ஆசானற்றவன் பல ஆண்டுகளை விலையாகக் கொடுத்து அறிகிறான். ஆசானின்மையின் உண்மையான துன்பம் அறியாமையன்று, காலவிரயமே. தானே கற்றவனைப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அவனது வெற்றியைக் காட்டி ஆசான் தேவையில்லை என்று முடிவுகட்டுவது, நீந்திக் கரையேறியவனைக் காட்டித் தோணி தேவையில்லை என்பதற்கு ஒப்பானது.

இனி நம் நாட்டிலேயே தானே கற்ற ஓவியர் எனப் போற்றப்படும் ஒருவரை நோக்குவோம். 1901இல் கண்டியிற் பிறந்து 1993இல் மறைந்த ஜோர்ஜ் கீற் ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயின்றவரல்லர். பள்ளிப் படிப்பும் அவருக்கு நிறைவாக அமையவில்லை. இருபதாம் வயதுகளின் பிற்பகுதியிலேயே அவர் ஓவியத்தைத் தன் வாழ்வாக ஏற்றார். எனினும் அவர் வெறுமையிலிருந்து தொடங்கினார் எனக் கூறுதல் இயலாது. கண்டி மல்வத்தை விகாரையின் அயலில் வாழ்ந்து பிக்குகளுடன் பழகி, பௌத்த இலக்கியத்தில் ஈடுபட்டார். விகாரைச் சுவரோவியங்களின் கோட்டு வளம் அவர் கண்முன் இருந்தது. இந்தியச் சிற்பங்களும், பிக்காசோ முதலிய ஐரோப்பிய நவீன ஓவியரின் ஆக்கங்களும் அவரை ஈர்த்தன. சித்திரக் கல்விப் பரிசோதகராயிருந்த வின்சர் அவருக்கு ஊக்கமளித்தார். புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற் அவருக்கு உற்ற துணையாக நின்றார். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததையும் இங்கு நினைவுகூரலாம். ஒரு காவியத்தைச் சொல் சொல்லாக மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது, அதனிடம் மாணவனாக அமர்வதன்றி வேறென்ன?

பொரளை கோதமி விகாரையில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் கீற் தீட்டிய புத்தர் வாழ்க்கைச் சுவரோவியங்களைக் காண்போர், அவர் பெற்றவற்றையெல்லாம் என்ன செய்தார் என்பதை உணரலாம். கோடு விகாரைச் சுவர்களிலிருந்து வந்தது. உருவைக் கட்டவிழ்த்து மீளக் கட்டும் துணிவு ஐரோப்பாவிலிருந்து வந்தது. இரண்டும் கலந்து பிறந்தது இரண்டிலும் முன்பு இல்லாதது. 1943இல் உருவான '43ஆம் ஆண்டுக் குழுவில் அவரும் ஒருவராக இருந்தார் என்பதும் கருதத்தக்கது. முறையாகப் பயின்றோரும் பயிலாதோரும் ஒருவர் ஆக்கத்தை ஒருவர் கண்டு வளர்ந்த குழு அது. ஆசானின் கண் கிட்டாதவர்கள் நண்பரின் கண்ணைத் தேடிக்கொண்டனர் எனலாம்.

பிரான்சிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். தத்துவஞானி ரூசோவினின்றும் வேறானவரான ஹென்றி ரூசோ பாரிஸ் நகரின் சுங்கச் சாவடியிற் பணியாற்றியவர். 1893இல் பணியிலிருந்து ஓய்வுபெற்று முழுநேர ஓவியரானார். அடர்ந்த வெப்பமண்டலக் காடுகளை அவர் தீட்டிய ஓவியங்கள் புகழ்பெற்றவை. அவரோ பிரான்சை விட்டு வெளியே சென்றவரல்லர். பாரிஸ் தாவரவியற் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களிற் கண்ட செடிகளே அவரது காடுகளாயின. தமக்கு இயற்கையன்றி வேறு ஆசான் இல்லை என எழுதியவர், அதே வாக்கியத்தில் ஓவியர் இருவரின் பெயரைக் குறிப்பிட்டு அவர்களிடம் சில அறிவுரைகள் பெற்றதையும் சேர்த்துக்கொண்டார். தனித்து நின்றேன் என்ற பெருமிதமும், முற்றிலும் தனித்து நிற்கவில்லை என்ற நேர்மையும் ஒரே வாக்கியத்தில் அமைந்திருப்பதைக் காண்கிறோம். முதலாவது வினாவுக்கு இதனினும் சிறந்த விடை கிடைப்பதரிது. தானே கற்றவன் என்பவன் எவரிடமும் கற்காதவன் அல்லன். தன் ஆசான்களைத் தானே தேடித் தேர்ந்துகொண்டவன். பிறர் நியமித்த ஆசான் ஒருவரிடம் பயின்றவனுக்கு ஒரு கடன். தானே தேடியவனுக்கோ கடன்கள் பல.

கடன் என்றதும் எழுவது இரண்டாவது வினா. இதற்கு ராஜா ரவிவர்மாவின் வாழ்க்கை ஒளி தருகின்றது. 1848இல் கிளிமானூரிற் பிறந்த அவருக்கு வரைதலின் தொடக்கத்தைக் கற்பித்தவர் அவரது தாய்மாமன் ராஜ ராஜ வர்மா. ஆயின் தைலவர்ணத்தைக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை. திருவனந்தபுர அரசவையில் அம்முறை அறிந்திருந்த ராமசாமி நாயக்கர் அதனை இளைஞரான ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்தார் என்றும், நாயக்கரின் உதவியாளரான ஆறுமுகம்பிள்ளை என்பவரே இரவு வேளைகளில் மறைவாக வந்து தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும், தாம் தீட்டும்போது பார்த்திருக்க அனுமதித்தாரேயன்றிக் கற்பிக்கவில்லை. பார்த்தும், கலந்தும், பிழைத்தும், மீண்டும் கலந்துமே ரவிவர்மா தைலவர்ணத்தைத் தமதாக்கிக்கொண்டார்.

இம்மூவருள் அவர் யாருக்குக் கடன்பட்டவர்? மறுத்தவருக்கா, மறைவாகத் தந்தவருக்கா, காட்டியும் கற்பிக்காதவருக்கா? பலரும் ஆறுமுகம்பிள்ளையின் பெயரையே சொல்வர், அது சரியானதே. ஆயினும் ஜென்சனிடமிருந்தும் அவர் பெற்றார் என்பதை மறுத்தல் இயலாது. கொடுப்பவன் மனமுவந்து கொடாதபோதும் பெறுபவன் பெற்றது பெற்றதே. எனவே கடன் என்பது கொடுத்தவனின் எண்ணத்தைப் பொறுத்ததன்று. பெற்றதன் உண்மையைப் பொறுத்தது. இந்நோக்கிற் பார்த்தால் ஏகலைவனும் துரோணருக்குக் கடன்பட்டவனே. அம்மண்ணுருவின் முன் நின்றபோதே அவன் அதனை ஒப்புக்கொண்டுவிட்டான்.

அவ்வாறாயின் துரோணர் செய்ததில் தவறென்ன என்று கேட்கலாம். மூன்றாவது வினாவுக்கான விடை இங்கேதான் இருக்கின்றது. கடன் இருப்பது வேறு. அதனை வசூலிக்கும் உரிமை வேறு. கதவைச் சாத்தியவர், சாத்திய கதவுக்கு வெளியே விளைந்த பயிரில் பங்கு கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறார். துரோணர் அப்பங்கைக் கேட்டதோடு நில்லாமல் பயிரையே வேரறுத்தார். ஏகலைவன் பட்டிருந்த கடன் உண்மை. துரோணர் அதனைக் கேட்டது அநீதி. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். இதனை உணராதோரே, ஏகலைவனின் பணிவை மட்டும் வியந்து துரோணரை மன்னிக்கின்றனர். அல்லது துரோணரைச் சினந்து ஏகலைவனுக்குக் கடனே இல்லை என்கின்றனர்.

கேட்பதற்கு உரிமையுடையவர் எவருமில்லாத கடனை எவ்வாறு தீர்ப்பது? ரவிவர்மா 1894இல் பம்பாயிலே ஓர் அச்சகத்தை நிறுவினார். அங்கு அச்சான வண்ணப் படங்கள் நாடெங்கும் பரவின. சீமான்களின் மாளிகைகளில் மட்டும் இருந்த ஓவியம் எளியோரின் சுவரிலும் பூசையறையிலும் இடம்பெற்றது. வணிக நோக்கமும் அதில் இருந்ததென்பதில் ஐயமில்லை. அப்படங்கள் மக்களின் கற்பனையை ஒரே அச்சில் வார்த்துவிட்டன என்று குறைகூறுவோரும் உளர். ஆயினும் கற்பிக்க மறுக்கப்பட்ட ஒருவரின் ஆக்கங்கள், ஆசானில்லாத எண்ணற்ற சிறுவர்கள் பார்த்து வரையும் பாடநூலாயின என்பதை மறுத்தல் இயலாது. பௌத்த பிக்குவாக இருந்த காலத்திலேயே விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்து வரையத் தொடங்கிய மஞ்சுசிறியும் இவ்வாறே செய்தார். தமக்கு ஆசானாக நின்ற சுவர்களை அவர் ஆண்டாண்டாகப் பிரதி செய்து காத்தார். அவ்விகாரைகளின் அலங்காரக் கூறுகளைத் தொகுத்து 1977இல் நூலாகவும் தந்தார். 1979இல் மக்சேசே விருதும் அவரை நாடி வந்தது. சுவர் இருந்தாற்றான் சித்திரம் என்பர். சுவர் சிதைந்த பின்னரும் சித்திரம் எஞ்சுமாறு செய்தவர் அவர். கடனைப் பின்னோக்கித் தீர்க்க இயலாதபோது முன்னோக்கித் தீர்த்தல் வேண்டும் என்பதே இவ்விருவர் வாழ்வும் உணர்த்துவது.

இனிக் கனமூலை இளைஞனின் பணியைப் பற்றிச் சில சொல்லலாம். அவன் தொடக்கத்தில் நாட்காட்டியைப் பார்த்தே தீட்டுவான்; பனிமூடிய மலையும், ஊசியிலை மரமும், அவன் காணாத ஏரியும் அவன் துணியில் எழும். இதனைக் குறையெனக் கொள்ளலாகாது. வான்கோவும் மில்லேயின் ஆக்கங்களை அச்சுப்படங்களிற் பார்த்துப் பார்த்து மீளத் தீட்டியவரே. கை பயில்வதற்குப் பிறர் படம் உதவும். ஆயின் ஒருநாள் அவன் தன் அயலை நோக்குவான். புத்தளத்து உப்பளங்களில் நண்பகல் வெயில் மோதும்போது எழும் வெண்மை, வண்ணக்குழாயில் அடைபட்ட வெள்ளையன்று. செறிந்த உவர்நீர் நின்ற பாத்திகளிற் சிலவேளை தோன்றும் இளஞ்சிவப்பு எந்த நாட்காட்டியிலும் இல்லை. கடலேரியின் மாலை நீர் நீலமுமன்று, பச்சையுமன்று. பிறரிடம் கற்ற நிறம் தன் கண் கண்டதற்குப் பொருந்தவில்லை என்று அவன் உணரும் கணமே அவன் ஓவியனாகும் கணம். படைப்பூக்கம் என்று நாம் பெரிதாகப் பேசுவது பெரும்பாலும் இப்பொருத்தமின்மையை உணர்தலே.

அக்கணத்தில் அவன் முன் இரு வழிகள் உள்ளன. விலைபோகும் பனிமலையையே மீண்டும் மீண்டும் தீட்டிக்கொண்டிருக்கலாம். அவனைத் தடுக்க எவருமில்லை. அல்லது தீட்டியதைச் சுரண்டியெடுத்து, தன் கண் கண்டதை நோக்கி மீண்டும் தொடங்கலாம். தைலவர்ணம் சுரண்டித் திருத்துவதற்கு இடந்தரும். எனினும் அது எதையும் மறப்பதில்லை. காலப்போக்கில் மேற்படை ஒளி ஊடுருவத்தக்கதாகி, ஓவியன் மாற்றி வரைந்த கையோ தலையோ நிழலாக மேலெழுவதுண்டு. இத்தாலியர் அதனைக் குறிக்க, கழிவிரக்கம் எனப் பொருள்படும் சொல்லொன்றை வைத்திருக்கின்றனர். பல நூற்றாண்டு கடந்த ஓவியங்களிலும் இவ்வாறு எழுந்த நிழல்களைக் காணலாம். அவை அவ்வோவியங்களின் மதிப்பைக் குறைத்ததில்லை. ஓவியன் தன் பிழையைத் தானே கண்டான் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

இதுவரை கூறியவை தானே கற்பவனின் கடமைகள்: எவரிடம் பெற்றான் என்பதை மறையாது சொல்லுதல், தன் பிழைக்குத் தானே கண்ணாதல், தனக்குப் பின் வருபவனுக்குக் கதவைத் திறந்துவைத்தல். ஆயின் கடமை அவனுக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றோர், ஆசிரியர்களின் கண்ணுக்கு முன்னே பிழைத்துத் திருந்தும் வாய்ப்பைப் பெற்றவர். அவ்வாய்ப்பு அவர்தம் திறமையால் மட்டும் வந்ததன்று. மக்கள் பணத்தால் வந்தது. பிறந்த ஊரும் பயின்ற பள்ளியும் அதிற் பங்குகொண்டன. பட்டமில்லாதவன் என்று தானே கற்றவனை ஒதுக்குவது ஓர் அநீதி. பட்டமின்றியே இவ்வளவு செய்தானே என்று இரங்கிப் புகழ்வது அதனினும் நுட்பமான அநீதி. இரக்கத்தோடு புகழ்பவர் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. ஓவியனின் வறுமையையே பார்க்கிறார். அவனுக்கு வேண்டியது தன் ஆக்கத்தை நேராக நோக்கி, இது நன்று, இது தவறு என்று சொல்லும் ஒரு கண். அக்கண்ணைக் கடனாகக் கொடுப்பதற்குக் கட்டடமும் நிதியும் வேண்டியதில்லை. விடுமுறை நாளொன்றும் சிறிது பொறுமையும் போதும்.

"குருவில்லா வித்தை பாழ்" என்ற பழமொழியை மாணவனுக்குக் கூறிய எச்சரிக்கையாகவே இதுகாறும் கேட்டு வந்திருக்கிறோம். அதனைக் கற்றோருக்குக் கூறிய எச்சரிக்கையாகவும் கொள்ளலாம். வித்தை ஒன்று குருவின்றிப் பாழாகுமாயின், அப்பாழுக்குக் குருவைத் தேடிக் கண்டடையாதவன் மட்டும் பொறுப்பாளியல்லன். அவன் தேடியபோது கதவைச் சாத்தியிருந்தவர்களும் பொறுப்பாளிகளே.